கதவு பூட்டு

வலிக்குமா என்று கேட்டீர்கள், ரபீக்,
ரத்தம் எடுக்கும் அறை வாசலில்,
வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே.
"டாக்டர் சொல்லுவாங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.
அது தப்பு. இங்கே சொல்கிறேன்.

முதல் நான்கு நாள் வயிற்றில் ஊசி.
அது ஒன்றும் இல்லை, எறும்புக்கடி.
ஐந்தாம் நாள் இடுப்பெலும்புக்குள்
யாரோ கட்டிலை நகர்த்துவார்கள்.
நெஞ்செலும்பிலும் நகர்த்துவார்கள்,
தும்மினால் தெரியும்.
நல்ல அறிகுறி என்பார் சிஸ்டர் ஜெசிந்தா.
அவர் தும்மவில்லை.

பிறகு இயந்திரம்.
கழுத்தில் குழாய், ஐந்து மணி நேரம்.
ரத்தம் போகும், சுற்றும், திரும்பி வரும்.
உதடு மரத்தால் உடனே சொல்லுங்கள், கால்சியம் தருவார்கள்.
நான் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்ததில்
விரல்கள் கோணிக்கொண்டன.
கடைசியில் நிறைந்தது ஒரு சின்னப் பை.
என் பெயரை ஒட்டி உறைய வைக்கக் கொண்டுபோனார்கள்.
முப்பது வருடம் மின்வாரியத்தில் கணக்கெடுத்தவன் நான்,
எனக்கு அது டெபாசிட் மாதிரிதான் தெரிந்தது:
கட்டியவன் பேருக்கே திரும்பி வரும்,
வட்டியை எதிர்பார்க்கக் கூடாது.

பெரிய மருந்து ஏறும்போது
வாயில் ஐஸ் வையுங்கள், சில்லு சில்லாக, விடாமல்.
வெளியே மாட்டுத்தாவணி ரோடு மே மாதத்தில் கொதிக்கிறது,
உள்ளே நான் ஐஸைத் துப்ப இடம் தேடினேன்.
பல் கூசுகிறது என்று நிறுத்திய அரை மணி நேரம்
நாக்கின் இடது ஓரத்தில்
பத்து நாள் புண்ணாக இருந்தது.

பூஜ்யம் நாள் என்று ஒரு நாள் உண்டு.
பெரிதாக எதிர்பார்த்தேன்,
தியேட்டர், பச்சைத் துணி, தலைக்கு மேல் விளக்கு.
எதுவும் இல்லை.
வெந்நீர்த் தொட்டியில் பை இளகியது,
தக்காளி ரசத்தின் நிறம்.
இருபது நிமிடம். தொண்டை கமறி இரண்டு இருமல்.
அவித்த மக்காச்சோள வாசம் அடிக்குதே என்றாள் தவமணி,
முகமூடிக்குள் மூக்கைச் சுருக்கி.
எனக்குத் தெரியவில்லை.
வாசம் என்னிடமிருந்துதான் வந்ததாம்.
அடுத்த நாள் சிறுநீர் சிவந்து போனால் பதற வேண்டாம்.

பிறகு காத்திருப்பு.
வெள்ளைப் பலகையில் தினமும் காலை எண் எழுதுவார்கள்.
1100.
300.
அப்புறம் நூற்றுக்குக் கீழே.
வில்லாபுரத்துச் சந்துகளில்
அடுத்தவர் மீட்டரை எக்கிப் பார்த்து எழுதியவன்
படுத்தபடி என் மீட்டரைப் படித்தேன்.
எண் ஓடாத வீட்டுக்கு இரண்டு காரணம்தான்:
ஆள் இல்லை,
இல்லையென்றால் இணைப்பு இல்லை.

ஏழாம் நாள் குளிர்காய்ச்சல், பல் தந்தியடித்தது.
எச்சிலை விழுங்க முடியாமல் துணியில் ஒற்றினேன்.
அன்றைக்குத்தான் தவமணியைத் திட்டினேன்,
பாதி இட்லிக்காக.
இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.
நீங்கள் திட்டினால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்,
அப்புறம் வார்த்தை வராது.

பன்னிரண்டாம் நாள் 400.
ஜெசிந்தா எழுதிவிட்டு, ஒன்றும் பேசாமல்,
அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது
கம்பிக் கதவு இடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு,
என் இடத்துக்கு வந்த பையனின் கிறுக்கல் கையெழுத்து:
ரீடிங் எடுக்கவில்லை. கதவு பூட்டு.
பழக்கதோஷம், மீட்டரை எட்டிப் பார்த்தேன்.
அணைக்க மறந்த ஃபிரிட்ஜுக்காக
சின்னச் சிவப்பு விளக்கு
மினுக்கிக்கொண்டிருந்தது, இத்தனை நாளும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
சில மாதம் கழித்துத் தடுப்பூசி எல்லாம் மறுபடி,
பிறந்த குழந்தைக்குப் போடுவது போல.
வரிசையில் உங்கள் மடியைப் பார்ப்பார்கள்,
பிள்ளை எங்கே என்று.
சட்டைக் கையை நீங்களே மடித்துவிடுங்கள்.

அந்த ஊசி வலிக்கும், ரபீக்.