ஆச்சரியக்குறி

லண்டன்பேட்டை மாடியறையில்
கறுப்புத் திரை சொல்கிறது:
மாற்றங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்,
நிறுத்த கன்ட்ரோல் சி.
இந்தத் தெருவில் என்னைக் கவனிப்பவர்களில்
நிறுத்தும் வழியையும் சொல்வது
இது ஒன்றுதான்.

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலைக்குத் தளம்.
பொத்தான், தலைப்பட்டை, விலைப்பட்டியலின் ஓரம்
எல்லாம் மஞ்சளாக வேண்டுமென்றார் திம்மராயப்பா.
முப்பத்தேழு இடத்தில் எழுத எனக்கென்ன தலைவிதியா?
$பழம் என்று ஒரு பெயர் வைத்தேன்.
அதன் நிறத்தைத் தொட்டுச் சேமித்தால்
முப்பத்தேழும் அரை விநாடியில் பழுக்கும்.
கல் வைத்துப் பழுக்கவைக்கிற ஊரில்
இதற்கு யாரும் வாய் பிளக்கவில்லை.

அல்போன்சா நிறம் போடு, என்றார்.
கூழ் முழுக்கப் பெங்களூரா ஆச்சே சார்?
டப்பாவுக்குள்ள யாரு எட்டிப் பாக்கறாங்க.

நாற்பத்தொன்றாம் வரியில் பிழை.
மூடும் அடைப்புக்குறியை எதிர்பார்த்தேன்
என்கிறது கருவி.
நானும்தான் எதிர்பார்க்கிறேன்,
பங்குனியிலிருந்து.

இரண்டு சாய்கோட்டுக்குப் பின் எழுதுவது எனக்கு மட்டும்.
// இந்த மஞ்சள் மருமகன் சொன்னது
// நாளைக்கு மறுபடி மாற்றுவார்
// 3.10 கரண்ட் போச்சு
// கடைவாய்ப் பல் தாங்கவில்லை
இதில் ஓர் எழுத்தும் அந்தப் பக்கம் போகாது.
பழம் என்ற பெயர்கூடப் போகாது,
நிறம் மட்டும் போகும்.
சுருக்கு என்று கட்டளையில் சேர்த்துவிட்டாலோ
இடைவெளிகளும் செத்து
ஞாயிறு சாயங்காலத்து ஓசூர் பஸ் போல
ஒற்றை வரியில் நெருக்கியடித்து நிற்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு.
சாய்கோடு, நட்சத்திரம், ஒட்டினாற்போல் ஆச்சரியக்குறி.
எவ்வளவு நசுக்கினாலும் அந்தக் குறிப்பு
அப்படியே கரையேறும்.
உரிமம் எழுதுகிறவர்களுக்காக வைத்தது.
நானும் எழுதினேன், நேற்று ராத்திரி, கோப்பின் உச்சியில்:

/*! இது பெங்களூரா. பாக்கி ரூ. 18,000. நுஸ்ரத் */

தளம் ஏறிவிட்டது.
துறைமுகங்களில் திறக்கிறார்கள், மூடுகிறார்கள்,
ஒவ்வொரு முறையும் என் பாக்கி
மஞ்சளுக்கு முன்னால் போய் இறங்குகிறது,
யாரும் படிக்காமல்.

காலையில் திம்மராயப்பா அழைத்தார்.
நெஞ்சு ஒருகணம் நின்றது.
கலர் பிரமாதம்மா,
இன்னும் ஒரு சுத்து பழுக்கட்டும், என்றார்.

பழுக்கவைத்தேன்.
முப்பத்தேழு இடமும் மாறிற்று.
உச்சியிலிருந்தது அசையவில்லை.