கிழிந்தது, வெட்டியதல்ல

புவெர்ட்டோ மான்ட். இரவுப் பணி.
கூரைத் தகரத்தில் மழை
சோளம் பொரித்துக்கொண்டிருந்தது.
சால்மன் ஆலையிலிருந்து
எலியோதோரோ மன்சீயாவைத் தள்ளி வந்தார்கள்,
பூட்ஸில் செதில் மினுங்க.
முன்கையில் ஒன்பது சென்டிமீட்டர்.
நான் கையுறை மாட்டுமுன்பே
மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்:
"கத்தி. அவனோடதுதான்."

கழுவினேன்.
கத்தி வகிர்ந்த இடம்
தபால் உறைபோலத் திறக்கும்.
ஓரம் நேர்க்கோடு; மயிர்கூட ஒழுங்காக அறுந்திருக்கும்.
இதன் ஓரம் நைந்திருந்தது,
மாக்கிப் பழம் தின்ற உதடுபோலக் கன்றிக் கறுத்து.
விரித்துப் பார்த்தால் அடியில்,
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
அறாமல் நின்ற இழைகள்,
ஒரு நரம்பு, மயிரளவு இரண்டு குழாய்.
கத்தி இவற்றை விட்டுவைக்காது.
அடிதான், பிய்க்கிற அவசரத்தில்,
சிலதை மறந்துவிட்டுப் போகும்.

படிவத்தில் எழுதினேன்: லேசரேஷன்.

"வெட்டுக்காயம்னு போட்டால் என்ன டாக்டர்,
எல்லாம் ரத்தம்தானே?"

எல்லாம் ரத்தம்தான்.
செய்தித்தாளில் கத்திக்குத்துக்கும் இதே சொல்தான்.
ரொட்டி அறுத்த விரலுக்கு
நானே ஒருமுறை இப்படி எழுதி
அடித்துத் திருத்தியிருக்கிறேன்.
ஆனால் இந்தக் கட்டத்துக்குள்
வெட்டு என்றால் அவன் கவனக்குறைவு.
கிழிசல் என்றால்
மழுங்கலான, கனமான ஏதோ ஒன்று
வந்து மோதியிருக்கிறது.
அதற்கு ஒரு முதலாளி இருக்கிறார்.

மேற்பார்வையாளர் புகைக்க வெளியே போனார்.
தையல் போடும்போது எலியோதோரோ
தீவுக்குப் போகும் படகைப் பற்றியே கேட்டான்,
கடைசிப் படகு எத்தனை மணிக்கு,
பாலம் எப்போதுதான் முடியுமாம்.
பதினோராம் தையலில், சுவரைப் பார்த்துக்கொண்டு:
"கன்வேயர் உருளை. மார்ச்சிலிருந்தே மூடி இல்லை."
பிறகு உடனே:
"அதை எழுதிடாதீங்க.
சீசன் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கு."

உருளை என்று நான் எழுதவில்லை.
நான் பார்த்தது உருளையை அல்ல.
சதை சொன்னதை மட்டும் எழுதியிருந்தேன்,
அதை அவன் சொல்லியும் அழிக்க முடியாது.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நூலை வெட்டினேன்.

மூன்று பிரதிகள்:
ஆலைக்கு, காப்பீட்டுக்கு, எங்களுக்கு.
கார்பன் பழையது.
மூன்றாவதில் அந்தச் சொல்
விழுந்தும் விழாமலும் இருந்தது.
பேனாவை அழுத்தி
அதன்மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.