விண்கலத்தைப் பெருக்குவது யார்

நாற்பத்து மூன்று படங்கள் பார்த்தாயிற்று.
பர்னோ திரைப்படக் காப்பகத்தின் நிலவறையில்
ஹீட்டர் இருமுகிறது.
அட்டையில் குறித்துக்கொண்டே வருகிறேன்:
வெள்ளி உடை, உண்டு.
தானே திறக்கும் கதவு, உண்டு.
பூமியை நினைத்து ஏங்கும் ஒருவன்,
முப்பத்தெட்டில் உண்டு.

எது இருந்தால் இது அறிவியல் புனைவு,
எதை எடுத்துவிட்டால் இல்லை?
பேராசிரியர் ஹ்ருபெஷுக்கு விடை வேண்டும்.
எனக்கு வந்தது இன்னொரு கேள்விதான்:
அந்தக் கலங்களைப் பெருக்குவது யார்?

பதினோரு வருடப் பயணம்.
ஒரு துடைப்பம் இல்லை, வாளி இல்லை.
தரையிலோ முகம் பார்க்கலாம்.

'வகைமையின் கூறு அல்ல' என்று
பென்சிலால் ஓரத்தில் எழுதித் தந்தார்.

இரவு பத்துக்கு ஓரிஸ்யா வந்தாள்.
காலைத் தூக்கச் சொன்னாள்.
தூக்கினேன்;
ஈரத்துணி கீழே போய்வரும் வரை
எடையற்று இருந்தேன்.

திரையில் தளபதி நடந்துகொண்டிருந்தார்.
மாப்பின் கழியில் மோவாயை ஊன்றிப் பார்த்தவள்,
"லினோலியம்" என்றாள்.
"மெழுகு போடாமல் இந்தப் பளபளப்பு வராது.
யாரோ ராத்திரி முழுக்க முட்டி போட்டிருக்கிறாள்."

பின்னோக்கி ஓட்டினேன்.
மூன்றாம் ரீல். கதவு மூடுவதற்குச் சற்று முன்
சட்டகத்தின் இடது மூலையில்
ஒரு வாளியின் கைப்பிடி.