மெனிகி

செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்குச்
சாவியோடு நிற்பேன்.
கூடத்துப் பூட்டு பனியில் இறுகியிருக்கும்.
சாவியை உள்ளங்கையில் பொத்தி
வாயால் ஊதிச் சூடாக்கித்தான் திறக்கவேண்டும்.
நாரின் நகரத்துப் பிப்ரவரி அப்படி.

அடுப்புக்கு நிலக்கரி போடுவதும்
தரை துடைப்பதும் என் வேலை.
வாலிபால் பற்றி எனக்கொன்றும் தெரியாது.
தரை தெரியும்.
யார் எங்கே நின்றார்கள், எங்கே தயங்கினார்கள் என்று
துடைப்பான் சொல்லிவிடும்.

முதல் மாதம் முழுக்க ஐசிரெக்கின் தடம்
சுவரோரம் மட்டும்.
அண்ணன் போட்டுக் கழித்த காலணி,
முனையில் செய்தித்தாள் திணித்தது,
இடது குதியில் பிறைபோல ஒரு தேய்வு.
வலைக்கு அருகே பிறையே கிடையாது.

பந்து வரும்.
இரண்டு பேருக்கு நடுவே இறங்கும்.
தட்டில் மிஞ்சிய கடைசி ரொட்டியைப் பார்ப்பதுபோல்
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பாள்:
நீ எடுத்துக்கொள். இல்லையில்லை, நீ.
பந்துக்கு ஏது மரியாதை?
பொத்தென்று விழும்.

பயிற்சி தரும் ஜாங்கிலுக்கு இருபத்து மூன்று வயது,
எப்போதும் ஜலதோஷம்.
விசிலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"கத்துங்கள். மெனிகி என்று கத்திவிட்டு ஓடுங்கள்."

மெனிகி. என்னுடையது.
எங்கள் மொழியில் மூன்றே அசை.
பன்னிரண்டு பெண்களுக்கும் சிரிப்பு.
தம்பியின் சட்டை, அப்பாவின் குதிரை,
விருந்தாளிக்கு எடுத்துவைத்த தேன் என்று
வீட்டில் ஒவ்வொன்றுக்கும் வேறொருவர் பெயரைச்
சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள்.
நுர்ஜாத்தான் முதலில் சொன்னாள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
பந்து அவள் தோளில் பட்டு
என் வாளியில் விழுந்தது.

மார்ச்சில் ஒருநாள்
ஐசிரெக்கும் பெகாயிமும் ஒரே பந்துக்கு
ஒரே நொடியில் கத்திக்கொண்டு பாய்ந்து
மண்டையும் மண்டையும் மோதின.
நான்கு சொட்டு ரத்தம், வலைக்கு நேர் கீழே.
துணியோடு ஓடினேன்.
இரண்டு பேரும் மல்லாந்து கிடந்து சிரிக்கிறார்கள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு:
"என்னுடையதுதான்."
"போடி, நான்தான் முதலில்."

அன்று துடைக்கும்போது வலையடியில் பிறை.
மற்ற இடமெல்லாம் முடித்துவிட்டு
அதற்கு வந்தேன்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை,
உல்ஜான் சொல்லிக் கேட்டது.
மீதிச் சில்லறை பத்து சோம் தரும்வரை
ஐசிரெக் மினிபஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.
பின்னாலிருந்து யாரோ திட்டினார்களாம்.
பத்து சோம் என்ன பெரிய காசா,
காது சிவந்து போயிற்றாம், விடவில்லையாம்.

ஆடுகள் குட்டி போடும் காலம்,
இனி விளையாட்டு வேண்டாம் என்றார் அவள் அப்பா.
விடிகாலைக் கொட்டகை முழுதும் நான் பார்க்கிறேன்,
வெள்ளிக்கிழமை மாலை மெனிகி என்றாளாம்.
அவர் பதில் சொல்லவில்லை.
சம்மதமா கோபமா தெரியாது.
வெள்ளிக்கிழமை வந்தாள்,
கையில் வைக்கோல் வாசனையோடு.

என் கதையையும் சொல்லவேண்டும்.
நவம்பரிலிருந்து எனக்கு நிலக்கரிப் படி பாக்கி.
பள்ளியைச் சூடாக்கிவிட்டு
சில்லிட்ட வீட்டுக்குப் போகிறவள் நான்.
கணக்கர் அறை வாசல்வரை போவேன்,
தரை அழுக்காக இருப்பதுபோல் குனிந்து பார்ப்பேன்,
திரும்புவேன்.

ஒரு மாலை, பெண்கள் போனபின்
கதவைத் தாழிட்டு
வலைக்கு எதிரே நின்றேன்.
மெனிகி.
இருமல்தான் வந்தது.
மறுபடி சொன்னேன். கூரைத் தகரம்
என்னைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னது.

"நாளைக்கு வாருங்கள், எஜே" என்றார் கணக்கர்.
நாளைக்குப் போனேன்.
அடுத்த நாளும் போனேன்.
பாதி வந்திருக்கிறது. பாதி வரவேண்டும்.
திங்கட்கிழமை மறுபடி போவேன்.

இன்று எனக்கு முன்பே வாசலில் ஐசிரெக்.
வயதானவள் குளிரில் நிற்கிறேனே என்றுதானோ,
கையை நீட்டினாள்:
"சாவியைக் கொடுங்கள் எஜே, நான் திறக்கிறேன்."
உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.
இது மெனிகி என்றேன்.

சிரித்துக்கொண்டே
வழிவிட்டாள்.