சீஆர் கொப்பி

ஒட்டுசுட்டான் சந்தியில் எங்கள் கடை.
போட்டோக்கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று
பலகையில் மூன்று வரி.
நாலாவது வேலை பலகையில் இல்லை:
ஊரின் கடவுச்சொற்களை நான் வைத்திருந்தேன்.

எட்டு வருசம். ஒரே சீஆர் கொப்பி.
மட்டை கிழிந்து
இரண்டு தரம் செலோடேப் ஒட்டியது.

"நீரே ஒண்டைப் போடும் பிள்ளை,
உது எனக்கு நினைவில நிக்காது."
போடுவேன். திரை விடாது.
எட்டு எழுத்து வேண்டும். ஒரு இலக்கம் வேண்டும்.
பெரிய எழுத்து ஒன்றாவது வேண்டும்.
"எங்கட பாசையில பெரிய எழுத்து எது?"
நெடுங்கேணி பஸ் ஓட்டுகிற அருளம்பலம் கேட்டார்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
"ஔ தான் பெரிசு போல கிடக்கு" என்றார்.

பாதிப் பேருக்குப் பிள்ளையின் பேர்.
மிச்சப் பேருக்கு லாண்ட்மாஸ்டர் நம்பர்.
ஐந்து பேருக்கு ஒரே வருசம், ஒரே மாதம்.
அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.
கள்ளனுக்கு லேசாய்ப் பிடிபடும் என்று மட்டும் சொன்னேன்.
"அவன் பிடிச்சால் பிடிக்கட்டும்" என்றாள் சிவமலர்.
மறந்தால் கேட்கிற கேள்வி அவளுக்கு வந்தது:
நீங்கள் வளர்ந்த தெரு எது?
"எந்த வருசத்தைக் கேக்குது?"

பிறகு வினோதராசாவின் நெற்காசு போனது.
வங்கியிலிருந்து கதைக்கிறம் என்று ஒரு குரல்,
போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டிருக்கிறது.
இவர் கண்ணாடி போட்டு
ஒவ்வொன்றாய், நிறுத்தி நிறுத்தி வாசித்திருக்கிறார்.
பொலிஸ் கடைக்கு வந்தது.
"அவற்ற பாஸ்வேர்ட் உந்தக் கொப்பியில இருந்ததோ?"
இருந்தது.
முகநூலுக்கும் வங்கிக்கும் அதே ஒன்று,
என் கையெழுத்தில்.

களவு கொப்பியால் வரவில்லை என்று
மூன்றாம் நாள் தெரிந்தது.
அந்த மூன்று நாளும்
ரீலோட் போட வந்தவர்கள் உள்ளே வராமல்
வாசலில் நின்று காசை நீட்டினார்கள்.

பிளேட்டால் வெட்டினேன்.
ஒவ்வொரு பக்கமாய், ஆளாளைக் கூப்பிட்டு.
இதை மாத்துங்கோ.
ஒரு வீட்டுத் திறப்பால் எல்லா வீட்டையும் பூட்டாதேங்கோ.
நாலைந்து சொல்லைக் கோர்த்து
உங்களுக்கு மட்டும் சிரிப்பு வாற வசனம் ஒண்டு செய்யுங்கோ.
ஆறு இலக்கம் வந்தால் ஆருக்கும் சொல்லாதேங்கோ,
எனக்கும்.

சிலர் கோவித்தார்கள். "உம்மை நம்பித்தானே தந்தது?"
ஒருத்தி வாங்கி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.
ஏடிஎம் அட்டையின் முதுகில் எழுதியிருந்ததை
ஒரு கிழவருக்காக எச்சில் தொட்டு நானே அழித்தேன்.
அருளம்பலம் திரைக்கு முன்னால் கன நேரம் இருந்தார்.
மெல்ல அடித்தார். தனியச் சிரித்தார்.
என்ன போட்டீங்கள் என்று வாய் வரை வந்தது.
கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஆள் இல்லை.
தவராணி அக்கா. போன மாரியில் காய்ச்சல்.
உயிரோடு இருக்கும்வரை
ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்கிறார்கள், சரி.
போனபிறகு ஆருக்குத் தெரியவேண்டும் என்பதை
எந்தத் திரையும் அவவிடம் கேட்டதில்லை.
கொப்பி மட்டைக்குள் அந்தத் தாளை
இரண்டு மாதம் வைத்திருந்தேன்.

சுவிஸிலிருந்து மகள் எடுத்தாள்.
"அம்மான்ர மெயிலுக்குள்ள
என்ர சின்ன வயசுப் படமெல்லாம் கிடக்கு அக்கா.
ஸ்கேன் பண்ணித் தந்தது நீங்கள்தானாம்.
எல்லாம் போட்டுப் பாத்திட்டன்.
அப்பான்ர பேர், வீட்டு நம்பர், அவவின்ர பிறந்த நாள்.
என்ர பேரும் போட்டன். இல்லையாம்."

தாளைப் பார்த்தேன்.
யாழரசி. பின்னால் எழுபத்தொன்று.

"உங்கட பேர்தான் தங்கச்சி.
ழகரத்துக்கு நீங்கள் இசட்டும் எச்சும் போடுவியள்.
அண்டைக்குக் கடையில சனம்.
நான் அவசரத்தில
எல் ஒண்டை அடிச்சிட்டன்."