மலை தெரியும் வீடு

"மலை தெரியும்க்கா" என்றான் சென்றாயன்.
கண்ணங்குறிச்சியில் மாடி, காவேரித் தண்ணீர்,
வாடகை எட்டு, அட்வான்ஸ் ஐம்பது,
அவனுக்கு ஒரு மாசம்.
மலைக்கு எவ்வளவு என்றேன்.
வண்டியை ஸ்டாண்டில் போட்டபடி சிரித்தான்.

அதற்கு முன் ஒன்பது வீடு காட்டியிருந்தான்.
அம்மாபேட்டையில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி.
"நீங்க சண்டை போட்டாலும் யாருக்கும் கேக்காது"
என்று அதையும் ஒரு வசதியாகச் சொன்னான்.
யாரோடு சண்டை போடுவேன்,
நானும் என் மகளும்தான்.
அழகாபுரத்து வீட்டம்மா என் கழுத்தைப் பார்த்தாள்,
நிறைமதியைப் பார்த்தாள்,
சொந்தக்காரர்கள் வருவதாகத்
திடீரென்று நினைவு வந்துவிட்டது அவளுக்கு.
செவ்வாய்ப்பேட்டையில் கறி சமைப்பீர்களா என்றார்கள்.
நான் வாய் திறக்குமுன்
"முட்டைகூட இல்லீங்க" என்று
என் சார்பில் சத்தியம் செய்தான் சென்றாயன்.
அன்று மதியம்
நாங்கள் இருவரும் சாப்பிட்டது குடல் குழம்பு.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள் நான்.
நாளைக்கு நூறு வாசல் ஏறுகிறேன்.
யார் வீட்டில் ஏசி புதிது,
யார் வீடு பூட்டிக் கிடக்கிறது,
மீட்டரைப் பார்த்தே சொல்வேன்.
அட்டையோடு போனால்
நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறக்கிறார்கள்.
வாடகைக்குப் போனால்
நாயை மறந்துவிடுகிறார்கள்.

குகை வீட்டுக்காரர் அர்த்தநாரி
ஆணி ஓட்டைகளை எண்ணி வைத்திருந்தார்.
பதினொன்று.
ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சில் வட்டம்.
மூன்று எங்களுக்கு முன்பே இருந்தவை,
ஒன்றில் எவர் வீட்டுக் காலண்டர் நூலோ
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
வெள்ளையடிக்க இரண்டு மாத வாடகை பிடித்துக்கொண்டு
மீதியை எச்சில் தொட்டு இருமுறை எண்ணினார்.

ஆவணி பிறந்ததும் ஊரே வீடு மாறுகிறது.
குட்டியானைக்கு அடிதடி.
"சேதாரம் இல்லாம டெலிவரி மேடம்" என்றது
போனில் ஒரு பெண்குரல்.
சேதாரம் என்ற சொல்லை அதுவரை
வெள்ளிக்கடையில்தான் கேட்டிருக்கிறேன்.
வந்தது இரண்டு பேர், ஒரு கயிறு,
எங்கள் மெத்தையையே சுற்றிக் கட்ட
எங்கள் போர்வையே.
பீரோவின் கண்ணாடி ஐந்து ரோட்டுக்கு முன்பே போயிற்று.
"முன்னாலயே விரிசல் இருந்துச்சுங்க"
என்றான் மாதேசன், என் முகத்தைப் பார்க்காமல்.
இருந்ததா? இப்போது எனக்கே சந்தேகம்.

இருபத்திரண்டு படி.
"படிக்குத் தனிங்க."
முந்நூறில் நான், எண்ணூறில் அவன்,
நடுவில் பீரோ, அவன் முதுகில்.
முதுகில் பீரோ இருப்பவனோடு
எவ்வளவு நேரம் பேரம் பேச முடியும்.
அறுநூறு.
வாசலில் செருப்பைக் கழற்றியவன்
"உப்பு ஜாடிய மொதல்ல குடுங்கக்கா,
அதுக்குக் கூலி இல்ல" என்று
தானே உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

ஜன்னலைத் திறந்தேன்.
எதிரே மூன்று மாடிக்குச் சாரம்,
நீலத் தார்ப்பாய்,
மேலிருந்து எங்கள் சமையலறையை
நிதானமாகப் பார்க்கும் ஒரு கொத்தனார்.
மலையை நிறைமதிதான் கண்டுபிடித்தாள்:
குளியலறையில், கவிழ்த்த வாளி மேல் ஏறினால்,
காற்றுத் துவாரத்தின் வழியே.
"ஒரு விரல் அளவுதாம்மா."

சாயங்காலம் கமிஷனுக்கு வந்தான் சென்றாயன்.
வாளியைக் காட்டினேன்.
"தெரியுதுல்லக்கா" என்றான்.
எண்ணினான், சட்டைப்பையில் வைத்தான், போகவில்லை.
ஹெல்மெட்டைக் கைமாற்றி மாற்றிப் பிடித்தான்.
"அந்தக் குகை வீடு...
வேற யாருக்கும் சொல்லலையேக்கா?"
யாருக்கு என்றேன்.
"எங்களுக்குத்தான்.
ஓனர் மகனுக்குக் கல்யாணம்ங்களாம்,
காலி பண்ணச் சொல்லிட்டாரு."
அந்த ஓனர் மகனை எனக்குத் தெரியும்.
சூரமங்கலத்தில் எங்களைக் கிளப்பியபோதும்
அவனுக்குத்தான் கல்யாணம்,
சேதி சொல்ல வந்தது சென்றாயன்தான்.

உட்காரச் சொன்னேன். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தான்.
தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கேட்பார், ஒத்துக்கொள்ளாதே.
பென்சில் வட்டம் பதினொன்று,
சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுத்துக்கொள்.
தலையாட்டினான்,
நான் புரோக்கர் போலவும்
அவன் நான் போலவும்.

"சரி, எனக்கு ஒரு மாசம்" என்றேன்.
விளையாட்டு என்று புரிவதற்குள்
அவன் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது.

குளியலறையிலிருந்து நிறைமதி கத்தினாள்:
"அம்மா, மலை மேல ஒரு வண்டி
லைட்டப் போட்டுட்டுத் திரும்புது."