ஆறாவது கல்

எடைமேடைச் சீட்டு எழுதும் பேனாவால்
தை மாதம் சட்டைப்பை நோட்டில் எழுதினேன்:
முன்காலைப் பார்.
விரல் தூக்குமுன் மூன்று எண்ணு.
யார் மகன் என்று பார்க்காதே.
தண்ணீர் குடி.

இன்று புதுவயல் பேருந்தில் கணக்குப் பார்க்கிறேன்.
விட்ட நோ-பால் நான்கு, தெரிந்தவரை.
தண்ணீரை விடுங்கள்,
பள்ளத்தூரில் மயங்கி விழுந்ததை ஊரே பார்த்தது.
'யார் மகன்' வரிக்கு டிக் போட்டேன்.
ஆலை முதலாளி பையன் மட்டை பிடித்த அன்று
என் வைடு கொஞ்சம் தாராளமாய் விரிந்தது
நினைவு வர, அடித்துவிட்டேன்.

மூன்று எண்ணுவதுதான்.
கண்டனூர் ஆட்டம், கடைசி ஓவர்,
இடப்பையில் ஒரே ஒரு சரளைக்கல் பாக்கி.
பந்து காலில் பட்டதும்
பதினோரு தொண்டையும் ஒன்றாய்க் கிழிந்தது.
ஒன்று எண்ணினேன்.
இரண்டு எண்ணவில்லை.

சூசைராஜ் எதுவும் கேட்கவில்லை.
மட்டை விளிம்பில் ஒட்டிய சிவப்பைக்
கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நடந்தான்.
செம்மண்ணாகவும் இருக்கலாம்,
இந்தப் பக்கம் எதில்தான் சிவப்பு ஒட்டாது?
மூன்று வாரமாய் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

புதுப் பக்கம். அதே வரி: மூன்று எண்ணு.
அடியில் பொடி எழுத்தில்:
சத்தம் அடங்கியபின் தொடங்கு.

கண்டக்டர் சில்லறை கேட்கிறார்.
காசோடு ஐந்து கல் வருகிறது.
ஆறாவதைத் துழாவுகிறேன்.